பென்னிகுயிக்கா, பென்னிகுக்கா?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். ஜனவரி 15 விழாவுக்காக, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கைப் பற்றி என் மாணவர்கள் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதியிருக்கிறார்கள். ஒரே பிரதிக்குள் அவர் பெயர் ஐந்து விதமாக வந்திருக்கிறது. எது சரி? மேடையில் எப்படிச் சொல்ல வேண்டும்? அந்தப் பெயருக்குப் பொருள் என்ன? அவர் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட பையன் ஒருவன் என் வகுப்பிலேயே இருக்கிறான். பதிவேட்டில் அவன் பெயர் கடைசியில் 'க்விக்' என்ற ஆங்கிலச் சொல்லோடு முடிகிறது. திருத்தச் சொல்ல வேண்டுமா?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, அச்சுக்குப் போக வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குப் பத்து எழுத்து: பி, ஈ, என், என், ஒய், சி, யு, ஐ, சி, கே. ஆங்கிலத்தில் பேசும்போது 'பென்னிகுக்' என்று சொல்லச் சொல்லுங்கள். தமிழில் எழுதும்போது ஊரில் வழங்கும் 'பென்னிகுயிக்' அப்படியே இருக்கட்டும். பையனின் பெயரில் கை வைக்க வேண்டாம்.

இவை ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தோன்றலாம். முரண் இல்லை. ஒரு குடும்பப்பெயரின் எழுத்தும் ஒலியும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். அந்தப் பெயர் நம் மொழிக்குள் வந்து நூறாண்டு வாழ்ந்திருந்தால் அதன் தமிழ் வடிவம் நமக்குச் சொந்தம்.

பெயரின் வேர் இங்கிலாந்தில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கிறது. எடின்பராவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் 'பெனிகுக்' என்று ஓர் ஊர். (எடின்பராவை நாம் 'எடின்பர்க்' என்று எழுதுவதும் கண்ணால் படித்ததன் விளைவுதான்.) அந்த ஊரை இன்று எட்டெழுத்தில் எழுதுகிறார்கள்: பி, ஈ, என், ஐ, சி, யு, ஐ, கே. பெயர் ஆங்கிலமும் அல்ல, ஸ்காட்டிஷ் கேலிக்கும் அல்ல. அவற்றுக்கு முன்பு அந்தப் பகுதியில் பேசப்பட்ட, வெல்ஷ் மொழிக்கு உறவான பிரித்தானியக் கெல்டிக் மொழியைச் சேர்ந்தது. 'பென்' என்றால் தலை, மேடு, குன்று. 'இ' அந்த மொழியின் சுட்டு, ஆங்கிலத்தின் 'தி' போல. 'கோக்' என்றால் குக்கூப் பறவை. குக்கூவின் குன்று. வெல்ஷ் மொழியில் இன்றும் அந்தப் பறவைக்கு 'கோக்' என்றுதான் பெயர்.

ஆகவே 'பென்னி' என்ற நாணயத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, 'விரைவு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கும் இல்லை. மாணவர்கள் 'விரைந்து அணை கட்டியதால் இப்படிப் பெயர்' என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். இன்னொரு கவர்ச்சியும் காத்திருக்கிறது. குக்கூவும் நம் குயிலும் ஒரே பறவைக் குடும்பம், தமிழ் வடிவத்திலோ 'குயி' இருக்கிறது! கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது தற்செயல். அதிலிருந்து சொல்வரலாறு கட்டக் கூடாது. வகுப்பில் சொல்லிக் களிக்கலாம், நூலில் வேண்டாம்.

ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் கண்ணுக்குத் தெரியும் சொல் பெரும்பாலும் ஏமாற்றும். முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனின் பெயரில் பருத்தி இல்லை. குடிசைகள் இருந்த இடத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. தமிழ் அகராதி தந்த வின்சுலோவின் பெயர், 'வினே' என்ற ஒருவனின் புதைமேடு. மூன்றுமே இடப்பெயரிலிருந்து வந்தவை. இந்தப் பொருள்கள் முதன்முதலில் பெயர் ஒட்டிய நிலத்தைப் பற்றிச் சொல்லும், பெயரைச் சுமந்த மனிதரைப் பற்றி எதுவும் சொல்லாது. சிறுநூலில் பொருளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

வேரைச் சொன்னதும் மாணவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, 'அவர் பெனிகுக் ஊர்க்காரர்' என்று எழுதுவது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர், 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் மறைந்தவர். ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்ட நிலக்கிழார்கள் அந்தப் பெனிகுக்கில் இருந்தது உண்மை. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அந்தப் பண்ணை கிளார்க் என்ற வேறு குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது. ஊர் பெயரைத் தந்தது என்று எழுதலாம். அந்தப் பண்ணையார்களின் நேர் வாரிசு இவர் என்று எழுத, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஆவணம் வேண்டும்.

இப்போது ஒலிக்கு வருவோம். சிக்கல் முழுவதும் நடுவில் இருக்கும் யு, ஐ என்ற இரண்டு எழுத்தில்தான். ஸ்காட்லாந்தில் ஆங்கிலத்துக்கு உறவான 'ஸ்காட்ஸ்' என்ற மொழி உண்டு. அதன் பழைய எழுத்துமுறையில் இவை சேர்ந்து வந்தால் ஒரே ஓர் உயிரொலி. ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போட்டு எழுதும் 'புக்' என்ற சொல்லை ஸ்காட்ஸில் பி, யு, ஐ, கே என்று எழுதுவார்கள். 'குட்' என்பதையும் ஜி, யு, ஐ, டி என்றே எழுதுவார்கள். அதே கணக்கில்தான் இந்தப் பெயரின் கடைசி அசையும் 'குக்'. இந்த முறை தெரியாத கண், யு-வையும் ஐ-யையும் பிரித்து 'குயி' என்று படித்துவிடுகிறது. ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் வழி கிடைக்காது. 'பிஸ்கட்' என்ற சொல்லிலும் அதே சி, யு, ஐ உண்டு, அங்கே யு ஒலிப்பதே இல்லை.

ஒலியை உறுதிசெய்ய வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. இதே பெயரின் இன்னொரு கிளை, சி-க்குப் பிறகு இரண்டு 'ஓ', பிறகு கே என்று, காதால் கேட்டபடி எழுதப்படுகிறது. அரிய பெயர் எதுவானாலும் முதலில் இதைத் தேடுங்கள்: அதே பெயரை எளிதாக எழுதும் உறவுக் குடும்பம் உண்டா? இருந்தால் உச்சரிப்பைச் சொல்லிவிடும்.

மேடைக்குப் பயிற்சி தருவது எளிது. மூன்று அசை. அழுத்தம் முதல் அசையில்: 'பென்' ஓங்கி, 'னி' குறுகி, 'குக்' இறங்கி. கடைசி அசை 'குக்கர்' என்கிறோமே, அதன் முன்பாதி. அதை நீட்டி 'கூக்' ஆக்க வேண்டாம். மாணவர்கள் ஒப்புவிக்கும்போது கடைசி அசையை ஓங்கிச் சொல்வார்கள், அதை மட்டும் கவனித்துத் திருத்தினால் போதும். கணினியின் வாசிப்புக் குரலைக் கேட்டுப் பழக விடாதீர்கள். அரிய பெயர்களை அது எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஒரே எழுத்துக்கூட்டல் என்பதால் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று இல்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேலின் குடும்பப்பெயரைப் 'பீப்ஸ்' என்கிறோம். அதே ஐந்தெழுத்தை உடைய வேறு சிலர் தங்களைப் 'பெப்பிஸ்' என்கிறார்கள். இன்னொரு ஸ்காட்டிஷ் பெயர் 'மிங்கிஸ்'. அதன் நடுவில் முன்பு 'யோக்' என்ற எழுத்து இருந்தது. அச்சுக்கூடங்களில் அந்த எழுத்து இல்லாததால், உருவம் ஒத்த 'இஸட்' போட்டார்கள். கண்ணால் படித்தவர்கள் 'மென்சீஸ்' என்றார்கள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட்டின் பெயர் அப்படித்தான் நிலைத்தது. பிரிட்டிஷ் அரசியல்வாதி கேம்ப்பெல்லின் முற்பெயராக அதே எழுத்துகள் வரும்போது 'மிங்கிஸ்'. இரண்டும் சரி. அந்தப் பெயரை உடைய ஒருவர் உங்கள் மேடைக்கே வந்தால், நிகழ்ச்சிக்கு முன் அவரிடம் ஒருமுறை கேட்டு, தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, அப்படியே சொல்லுங்கள். உயிரோடு இருப்பவரின் வாய்ச்சொல்லுக்கு மேல் எந்த அகராதியும் இல்லை.

அப்படியானால் தமிழிலும் 'பென்னிகுக்' என்று மாற்றிவிடலாமே என்பீர்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தேனிப் பேருந்து நிலையத்தின் பெயரில், லோயர் கேம்ப் மணிமண்டபத்தில், எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் பெயரில் அந்த வடிவம் ஊன்றிவிட்டது. நன்றியோடு ஒரு ஊரே சொல்லி வளர்த்த பெயரை, 'நீங்கள் சொல்வது தவறு' என்று பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. எல்லிஸை எல்லீசர் என்றும் போப்பைப் போப்பையர் என்றும் அழைத்த மொழி இது.

தவிர, ஒலிப்படி எழுதுவது தமிழ் எழுத்தில் நினைப்பதுபோல எளிதும் அல்ல. உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றைக் 'க' வந்தால் நாம் அதை மென்மையாகப் படிக்கிறோம். 'பென்னிகுக்' என்று எழுதினால் 'குண்டு'வின் முதல் ஒலிபோல 'கு' மெலிந்துவிடும். வல்லொலி வேண்டும் என்று 'பென்னிக்குக்' என்று எழுதினால், நான்காம் வேற்றுமை போல, 'பென்னிக்கு' யாரோ எதையோ கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. நூலில் உச்சரிப்பைக் காட்ட விரும்பினால், முதல் முறை பெயர் வரும் இடத்தில் மட்டும் 'ஆங்கிலத்தில் பென்னிகுக் என ஒலிப்பர், கடைசி அசை குக்கர் என்பதன் முற்பகுதி போல' என்று ஒரு வரி சேருங்கள். பிறகு பிரதி முழுவதும் ஒரே வடிவம். வேற்றுமை சேர்க்கும்போது 'பென்னிகுயிக்கின்', 'பென்னிகுயிக்கை', 'பென்னிகுயிக்கிற்கு' என்று எழுதுங்கள். 'குயிக்குக்கு' நாக்கில் தடுக்கும். றன்னகரத்தையும் கவனியுங்கள். 'பெண்ணி' என்று ணகரம் போட்ட சுவரொட்டிகளில் பெயர் பெண்ணாகிவிடுகிறது.

ஆங்கிலப் பிரதியில் மிகுதியாகத் தவறு நேரும் இடம் எழுத்தைவிடப் பட்டங்கள்தான். இவர் 'கர்னல்'. படைப்பதவி குடும்பப்பெயரோடு நேராகச் சேரும்: கர்னல் பென்னிகுயிக், அல்லது கர்னல் ஜான் பென்னிகுயிக். 'கர்னல் ஜான்' என்று நிறுத்துவது ஆங்கில வழக்கு அல்ல. 'சர்' பட்டத்துக்கு விதி நேர்மாறு. அது முற்பெயரோடுதான் போகும்: 'சர் ஐசக்' உண்டு, 'சர் நியூட்டன்' கிடையாது. ஆனால் நம் பொறியாளர் 'சர்' பட்டம் பெற்றவரே அல்ல. 'சர் ஜான் பென்னிகுயிக்' என்று ஆங்கில நூல்களில் கண்டால் அது இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்த அவருடைய மகன், 1899 முதல் 1982 வரை வாழ்ந்தவர். பொறியாளரின் தந்தையும் ஜான்தான்: இரண்டாம் ஆங்கில–சீக்கியப் போரில், 1849 ஜனவரி 13 அன்று சிலியான்வாலாவில் இறந்த பிரிகேடியர். மூன்று தலைமுறை, மூன்று ஜான். இணையத்தில் ஒருவரின் படமும் இன்னொருவரின் பட்டமும் கலந்துபோக இதுவே காரணம். முதல் முறை பெயர் வரும்போது அடைப்புக்குறியில் 1841–1911 என்று போட்டுவிட்டால் குழப்பம் தீரும்.

பெயருக்குப் பின்னால் சி.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தைச் சில இடங்களில் பார்ப்பீர்கள். நம் ஊரில் அதைத் தென்னிந்தியத் திருச்சபை என்று படித்துவிடுவார்கள். அந்தத் திருச்சபை உருவானதே 1947இல். இங்கே அது 'இந்திய நட்சத்திரம்' என்ற விருது வரிசையின் கடைசிப் படி. குடும்பப்பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி, பிறகு மூன்றெழுத்து.

அணையை 1895 அக்டோபர் 10 அன்று திறந்துவைத்த ஆளுநர் பெயரிலும் இதே போன்ற கண்ணி உண்டு. 'வென்லாக் பிரபு' என்பதில் வென்லாக் பட்டப்பெயர், குடும்பப்பெயர் லாலி. முழுப்பெயர் பெயில்பி லாலி. ஆகவே 'பெயில்பி வென்லாக்' என்று சேர்த்து எழுதக் கூடாது. பிற்காலத்தில் சென்னை ஆளுநராக வந்த ஆர்தர் லாலி, அதாவது கோயம்புத்தூர் லாலி சாலையின் லாலி, இவருடைய தம்பி. ஊட்டியின் வென்லாக் டவுன்ஸும் கோவையின் லாலி சாலையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் என்று சொன்னால், பட்டப்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் உள்ள வேறுபாடு மாணவர்களுக்கு மறக்காது.

சுருக்கி எழுதும்போது நம் பழக்கம் குறுக்கே வரும். நமக்குத் தலைப்பெழுத்து தந்தை பெயர், பின்னால் வருவது நம் பெயர். அதனால் 'ஜான் பி.' என்று எழுதத் தோன்றும். ஆங்கிலத்தில் முற்பெயரைத்தான் சுருக்க வேண்டும், குடும்பப்பெயர் முழுதாக நிற்கும். இரண்டாம் குறிப்பிலிருந்து வெறும் குடும்பப்பெயர் போதும். நூலின் பின்னே பெயரடைவு போட்டால் குடும்பப்பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு ஜான். நடுவில் வரும் சி சிறிய எழுத்தே, இரண்டு சொல்லாகப் பிரிக்கவும் கூடாது. பன்மைக்கு வெறும் எஸ் சேர்த்தால் போதும், மேற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) வராது. உடைமைக்கு மேற்புள்ளியும் எஸ்ஸும். பொதுவாகவே குடும்பப்பெயர்களில் விதிவிலக்குப் பன்மை கிடையாது: எஸ், எக்ஸ், இஸட், சிஎச், எஸ்எச் என்று முடிந்தால் ஈஎஸ், மற்றவற்றுக்கு எஸ். ஒய் என்று முடியும் பெயரில் ஒய் மாறாது. 'வுல்ஃப்' குடும்பத்தார் ஓநாய்களைப் போல 'வுல்வ்ஸ்' ஆவதில்லை, 'வுல்ஃப்ஸ்'தான்.

மாணவர்கள் பழைய ஆவணங்களையும் தேடப்போகிறார்கள் என்றால், ஒரே எழுத்துக்கூட்டலில் தேடித் தோற்க வேண்டாம். ஆங்கிலப் பெயர்களின் எழுத்து நிலைபெற்றது மிகவும் பிற்காலத்தில். ஷேக்ஸ்பியரின் கையொப்பம் ஆறு கிடைத்திருக்கின்றன, ஒன்றில்கூட இன்றைய எழுத்துக்கூட்டல் இல்லை. ஸ்காட்டிஷ் மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பென்னிகுக் (1652–1722) இதே பெயரை ஒய்-க்குப் பதில் ஈ போட்டு, இரண்டாம் சி இல்லாமல் ஒன்பது எழுத்தில் எழுதினார்.

குடும்ப வரலாற்றுத் தளங்களில் 'சவுண்டெக்ஸ்' என்ற தேடல் முறை உண்டு. முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விட்டு, மெய்களை எண்ணாக்கும். எம், என் இரண்டுக்கும் 5. சி, கே, கியூ மூன்றுக்கும் 2. அடுத்தடுத்து ஒரே எண் வந்தால் ஒன்றுதான். நம் பெயரைப் போட்டுப் பாருங்கள்: பி-522. எட்டெழுத்து ஊர்ப்பெயரும், இரட்டை 'ஓ' வடிவமும், 'க்விக்' வடிவமும் அதே பி-522. ஆகவே இந்தப் பெயருக்கு அது நல்ல வலை. எல்லாப் பெயருக்கும் அல்ல. 'சம்லி' என்று ஒலித்து, சி-யில் தொடங்கிப் பன்னிரண்டு எழுத்தில் எழுதும் செஷையர்ப் பெயர் ஒன்று உண்டு. அதன் முழு எழுத்து சி-455, ஒலிப்படி எழுதினால் சி-540. ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது, இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

எந்த வலையிலும் சிக்காதவை, கையெழுத்தைத் தவறாகப் படித்துக் கணினியில் ஏற்றிய பதிவுகள். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் என், யு, ஐ, எம் நான்கும் ஒரே மாதிரிக் குத்துக்கோடுகளால் ஆனவை. நடுவில் வரும் யு, ஐ மூன்று கோடு. அது எம் ஆகவோ, 'என், ஐ' என்ற இரண்டு எழுத்தாகவோ மாறியிருக்கும். சி-யை ஈ என்று படித்திருப்பார்கள். முதல் மூன்று எழுத்தைப் போட்டு, நட்சத்திரக்குறி, கடைசியில் கே என்று தேடினால் இவை வெளியே வரும். பம்பாய் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானப் பதிவுகளின் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகத் தொகுப்பில் இருக்கின்றன, புனேயில் பிறந்தவர்களை அங்கே தேட வேண்டும். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது, அதற்கு முந்தியவை தேவாலயப் பதிவேடுகளில் கிடைக்கும்.

உங்கள் மாணவனின் பெயருக்கு வருகிறேன். அது அவனுக்குக் குடும்பப்பெயர் அல்ல; பெற்றோர் அன்போடு வைத்த, அவனுடைய சொந்தப் பெயர். அதன் சரியான எழுத்து, பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்து. 'க்விக்' என்று பதிந்திருந்தால் அவனைப் பொறுத்தவரை அதுவே சரி, வகுப்பில் யாரும் அதைப் பிழை என்று சொல்ல வேண்டாம். பார்க்க வேண்டியது, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதை மட்டும்தான். ஒத்திராவிட்டால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அரசிதழ் வரை அலைய நேரும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இதைச் சொந்தப் பெயருக்கான கட்டத்தில்தான் நிரப்ப வேண்டும். 'இது வெள்ளைக்காரரின் குடும்பப்பெயர் ஆயிற்றே' என்று நினைத்து யாராவது குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டால், பிற்காலத்தில் அவனுடைய ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒட்டா.

அச்சகத்துக்கு அனுப்பும் முன், கணினியின் சொல்லகராதியில் இந்தப் பத்தெழுத்தைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் தானாகத் திருத்தும் வசதி ஒவ்வொரு முறையும் வாலாட்டும். பிறகு முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டுப் பிரதி முழுவதும் தேடி, கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு மாணவர் பின்னிருந்து வாசிக்கட்டும்: கே, சி, ஐ, யு, சி, ஒய், என், என், ஈ, பி. முன்னிருந்து படித்தால் பழகிய கண், இல்லாத எழுத்தையும் இருப்பதாகக் காட்டும். அட்டையையும் படத்தின் கீழ்க் குறிப்புகளையும் தனியாகப் பாருங்கள். அவை பெரும்பாலும் படமாகச் சேர்க்கப்பட்டிருக்கும், தேடலில் வரா.